தூரமும் கூட்டமும்

பதினாறு வயதில் பள்ளியை விட்டு, தந்தி வேலைக்குப் போய், அதையும் உதறிவிட்டு வீட்டில் உட்கார்ந்து கணிதம் கற்றவர் இங்கிலாந்தின் ஆலிவர் ஹெவிசைட். 1880இல் கோஆக்சியல் கம்பிக்குக் காப்புரிமை பெற்றார். நடுவே செம்பு, சுற்றிலும் மின்கடத்தாப் பொருள், அதன்மேல் உலோக உறை. மறு ஆண்டே அலெக்சாண்டர் கிரகாம் பெல், இரண்டு கம்பிகளை முறுக்கி இரைச்சலைக் குறைக்கும் தொலைபேசிக் கம்பிக்குக் காப்புரிமை வாங்கினார். நூறு வருடத்துக்கும் மேல் கழித்து, வீட்டுக்கு இணையம் கொண்டுவரப் போட்டியிட்டவை இந்த இரண்டும்தான். முதலாவது கேபிள்; இரண்டாவது டிஎஸ்எல்.

பேச்சுக்கு 3,400 ஹெர்ட்ஸ் வரை போதும் என்று தொலைபேசி நிறுவனங்கள் கணக்கிட்டிருந்தன. செம்பு அதைவிடப் பல நூறு மடங்கு உயர்ந்த அதிர்வெண்களையும் கடத்தும். அந்த இடம் சும்மாவே கிடந்தது. டிஎஸ்எல்லின் ஒரு வகையான ஏடிஎஸ்எல் ஏறத்தாழ 26 கிலோஹெர்ட்ஸில் தொடங்கி 1,100 வரை எடுத்துக்கொண்டு, அதை நான்கு கிலோஹெர்ட்ஸ் அளவிலான சின்னச் சின்னத் தடங்களாக வெட்டியது. மோடம் ஒவ்வொரு தடத்தையும் சோதிக்கும். சுத்தமானதில் நிறையத் தரவை ஏற்றும், இரைச்சலானதை விட்டுவிடும். பதிவிறக்கத்துக்கு அகலமான பங்கு, பதிவேற்றத்துக்குக் குறுகிய பங்கு என்ற ஏற்பாடு, 1980களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பெல்கோர் ஆய்வகத்தில் ஜோசப் லெக்லைடர் முன்வைத்தது. ஒரே கட்டில் போகும் நூற்றுக்கணக்கான கம்பிகள் ஒன்றின் சமிக்ஞையை ஒன்று குழப்பாமல் இருக்க, இரண்டு திசைக்கும் சமமாகக் கொடுக்காததே வசதி என்று அவர் கண்டார்.

டிஎஸ்எல்லுக்கு எமன் தூரம். உயர்ந்த அதிர்வெண்கள்தான் முதலில் தேய்ந்து போகும். தொலைபேசி எக்ஸ்சேஞ்சுக்குப் பக்கத்து வீட்டில், பின்னால் வந்த ஏடிஎஸ்எல்2+ நொடிக்கு 24 மெகாபிட் தரலாம். ஐந்து கிலோமீட்டர் தள்ளி ஒன்றிரண்டு வந்தாலே பெரிது. கம்பி தெருத்தெருவாகச் சுற்றி வரும் தூரத்தைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். நேர்க்கோட்டுத் தூரத்தை அல்ல.

இங்கே ஒரு வேடிக்கை. நெடுந்தூரப் பேச்சு தெளிவாகக் கேட்க, கம்பியில் மின்தூண்டலைக் கூட்டவேண்டும் என்று 1887இல் சொன்னவரும் ஹெவிசைட்தான். அதன்படி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து நீளமான தொலைபேசிக் கம்பிகளில் சுருள்கள் பொருத்தினார்கள். பேச்சு தெளிந்தது, அதற்கு மேற்பட்ட அதிர்வெண்கள் அடைபட்டன. பின்னாளில் டிஎஸ்எல் கொடுக்க வந்தவர்கள் அந்தச் சுருள்களைத் தேடிக் கழற்ற வேண்டியதாயிற்று. கேபிளுக்கு வழிவிட்ட மனிதரே டிஎஸ்எல்லுக்குக் குறுக்கே நின்றார்.

கேபிளுக்குத் தூரம் பெரிய பொருட்டல்ல. வழியில் பெருக்கிகள் இருக்கின்றன. கேபிள் இணையத்துக்காக 1997இல் வந்த டாக்சிஸ் தரத்தின்படி, அமெரிக்காவில் ஒரே ஒரு டிவி சேனலின் ஆறு மெகாஹெர்ட்ஸ் இடத்தில் நொடிக்கு 38 மெகாபிட் அளவுக்கு அனுப்ப முடிந்தது. ஆனால் அது ஒரு வீட்டுக்கானதல்ல. நூற்றுக்கணக்கான வீடுகள் பங்குபோடும் தெருக்குழாய் அது. இரவு எட்டு மணிக்கு எல்லோரும் குடத்தோடு வந்தால் தண்ணீர் நூலாகத்தான் விழும். பதிவேற்றத்தின் பாடு இன்னும் மோசம். அதற்கு விட்டிருந்த 5 முதல் 42 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில், எந்த வீட்டில் இணைப்பு தளர்ந்திருந்தாலும் அந்த இரைச்சல் எல்லோருடைய தலையிலும் விடியும். 2006இல் வந்த டாக்சிஸ் 3.0 பல சேனல்களை ஒன்றாகக் கட்டி நெரிசலைத் தணித்தது.

‘உங்கள் கம்பி உங்களுக்கு மட்டுமே’ என்ற டிஎஸ்எல்காரர்களின் பெருமையும் பாதிதான் உண்மை. எக்ஸ்சேஞ்ச் வரை தனிக்கம்பி; அதற்கப்பால் அங்கேயும் கூட்டம்தான்.

நம் நாட்டில் இந்தப் போட்டி சரியாக நடக்கவேயில்லை. கேபிள் டிவி வலைகள் பெரும்பாலும் ஒருவழிப் பாதைகள். திருப்பி அனுப்பப் பெருக்கிகளை மாற்றவேண்டும். அதனால் பலருக்கும் முதல் பிராட்பேண்ட், பிஎஸ்என்எல் லேண்ட்லைன் வழியாக வந்த டிஎஸ்எல்தான். 2004இன் அரசுக் கொள்கைப்படி 256 கிலோபிட் வந்தாலே அது பிராட்பேண்ட்!

அமெரிக்கா, ஜெர்மனி போன்ற நாடுகளில் இன்றும் பல வீடுகளுக்கு இரண்டும் வருகின்றன. என் தீர்ப்பு: எக்ஸ்சேஞ்சோ அதன் வேலையைச் செய்யும் தெருமுனைப் பெட்டியோ அருகில் இல்லையென்றால் டிஎஸ்எல்லை மறந்துவிடலாம். கேபிள் என்றால் விளம்பர வேகத்தை நம்பாமல், பக்கத்து வீட்டில் இரவு ஒன்பது மணிக்கு என்ன வேகம் வருகிறது, பதிவேற்றம் எவ்வளவு என்று விசாரியுங்கள். கண்ணாடியிழை வாசலுக்கு வந்திருந்தால், இரண்டும் வேண்டாம்.