ஸ்காட்லாந்தின் ஞாபகச் சொல்

ஆங்கிலம் பயின்ற நம்மவர்க்கு 'மைண்ட்' என்றால் மனம். கவனித்தல், பொருட்படுத்துதல் என்னும் வினைப்பொருள்களும் அறிந்தவையே. ஆனால் பண்டை நார்தம்பிரிய வழக்கிலிருந்து கிளைத்து, ஆங்கிலத்தின் உடன்பிறப்பாக ஸ்காட்லாந்தின் தாழ்நிலங்களில் வளர்ந்த ஸ்காட்ஸ் பாஷையிலோ, அதே சொல் வினையாக வரும்போது பெரும்பாலும் நினைவுகூர்தலையே குறிக்கிறது. 'உன் பாட்டனாரை நான் நன்றாக மைண்ட் செய்கிறேன்' என்று அங்குள்ள முதியவர் ஒருவர் சொன்னால், அவரைப் பராமரித்தேன் என்று அர்த்தமன்று. அவருடைய முகமும் நடையும் குரலும் இன்னும் என் ஞாபகத்தில் இருக்கின்றன என்பதே அர்த்தம்.

இது பிற்காலத்தில் ஏற்பட்ட திரிபு என்று எண்ணலாகாது. வடமொழி 'மனஸ்', லத்தீன் 'மென்ஸ்' ஆகியவற்றோடு ஒரே தாதுவில் பிறந்த இதன் பழைய ஆங்கில வடிவத்திற்கே நினைவு என்பது முக்கியமான பொருளாயிருந்தது. பிரெஞ்சிலிருந்து வந்த 'மெமரி', 'ரிமெம்பர்' முதலிய சொற்கள் அந்த ஸ்தானத்தைக் கைப்பற்றவே, ஆங்கிலத்தில் பழைய பொருள் சில தொடர்களிலும், எவர் நினைவுக்கும் எட்டாத காலத்தைச் சுட்டும் சட்ட வழக்கிலும் ஒடுங்கிற்று. ஸ்காட்ஸும் பிரெஞ்சுச் சொற்களை ஏற்றுக்கொண்டதாயினும், பழையதைக் கைவிடவில்லை. ராபர்ட் பர்ன்ஸ் 1788-இல் எழுதியனுப்பி, அவர் இறந்த 1796-ஆம் ஆண்டில் அச்சேறிய 'ஆல்ட் லாங் சைன்' பாட்டின் தொடக்கத்திலேயே இச்சொல் இப்பொருளில் நிற்கிறது.

இதன் கிளைச்சொற்களுள் என் மனத்தை மிகவும் கவர்வது 'மைண்டின்' என்பது. பிறந்தநாளுக்கோ கிறிஸ்துமஸுக்கோ ஒருவர் கையில் கொடுக்கும் சிறு பொருளுக்கு அது பெயர். கொடுப்பவர், 'ஏதோ ஒரு சின்ன மைண்டின்' என்று சொல்லியே நீட்டுவார். பொருளின் விலை அங்கே பேச்சன்று. உன்னை மறக்கவில்லை என்னும் செய்தியே கொடை.

இத்தகைய பிரயோகங்கள் நமக்கு எட்டுவதற்குக் காரணம் அகராதிக்காரர்களின் உழைப்பு. பாதிரியாரான ஜான் ஜேமிசன் 1808-இல் இரு பாகங்களாக வெளியிட்ட ஸ்காட்டிஷ் அகராதி அதற்கு வழிகாட்டியது. 1700 வரையுள்ள வழக்குகளை ஆதாரத்தோடு திரட்டும் அகராதியை வில்லியம் கிரெய்கி தொடங்கினார். 1931-இல் வெளிவரத் தொடங்கிய அது பன்னிரண்டு தொகுதிகளாக நிறைவெய்தியது 2002-இல்தான். பிற்கால வழக்குக்கென வேறாகப் பத்துத் தொகுதிகள் 1976-இல் முற்றுப்பெற்றன. 2004 முதல் அவ்விரண்டும் ஒன்றிணைந்து, எவரும் கட்டணமின்றி இணையத்தில் தேடிப் படிக்கக் கிடைக்கின்றன.