மைதானத்துக்கு வரும் தன்னார்வலரிடம் கேட்க வேண்டியவை

வெளிநாட்டுக் கல்லூரி மாணவர்கள் விடுமுறையில் இந்தியா வந்து ஏழைப் பிள்ளைகளுக்குக் கால்பந்தும் கிரிக்கெட்டும் கற்றுத்தருவது புதிதல்ல. கட்டணம் வாங்கிக்கொண்டு அவர்களை அனுப்பிவைக்கும் நிறுவனங்களே இருக்கின்றன. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், ஆலங்குளம் வட்டாரத்துப் பள்ளிக்கு அப்படியொரு கடிதம் வந்தால் யாருக்கும் மகிழ்ச்சியாகத்தான் இருக்கும். தாயும் தகப்பனும் பட்டாசு ஆலைக்கோ நூற்பாலைக்கோ போய்ப் பொழுது சாயத் திரும்பும் வீடுகளில், பிள்ளை ஒரு பெரியவர் கண்பார்வையில் விளையாடுகிறது என்பதே பெரிய ஆறுதல். ஆனால் ஒரு மாதத்துக்கு வருபவர் என்றாலும், இலவசமாக வருபவர் என்றாலும், பயிற்சியாளர் பயிற்சியாளரே. நிரந்தர ஊழியரை விசாரிப்பது போலவே அவரையும் விசாரித்த பிறகுதான் மைதானத்துக்குள் விட வேண்டும்.

பயிற்சியாளருக்கு இருக்கும் அதிகாரம் பல நேரம் வகுப்பாசிரியருக்கும் இல்லை. யாரை அணியில் சேர்ப்பது, யாரை உட்கார வைப்பது என்பது அவர் கையில். தசைப்பிடிப்புக்கு நீவிவிடுவது, ஜெர்சிக்கு அளவெடுப்பது, வெளியூர்ப் போட்டிக்கு அழைத்துப்போய் இரவு தங்கவைப்பது எல்லாம் அங்கே இயல்பான காரியங்கள். கெட்ட எண்ணத்தோடு வருபவருக்கும் அவைதான் வழி. இதை உணர்ந்துதான் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2022இல் பாலியல் குற்றச் சட்டத்தைத் திருத்தி, ஆசிரியரைப் போலவே விளையாட்டுப் பயிற்சியாளரையும் நம்பிக்கைப் பொறுப்பில் உள்ளவராகச் சேர்த்தார்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் நம் போக்சோ சட்டத்தின் விதிகளும் (2020) பள்ளிகளோடு விளையாட்டு அகாடமிகளையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, குழந்தைகளோடு பழகும் பணியாளர்களுக்குக் காவல்துறைச் சரிபார்ப்பு கட்டாயம் என்கின்றன. ஆனால் விதி பேசுவது நிரந்தர, ஒப்பந்தப் பணியாளர்களைப் பற்றி. சம்பளமே வாங்காத தன்னார்வலர் அந்தச் சொல்லுக்குள் வருவாரா என்று வாதாட இடமிருக்கிறது. சுற்றுலா இ-விசாவில் ஊதியமில்லாத் தன்னார்வப் பணிக்கு அனுமதி அதிகபட்சம் ஒரு மாதம்தான். இவ்வளவு குறைந்த நாளுக்கு எதற்கு விசாரணை என்று விட்டுவிடுகிறோம். அந்த இடைவெளியை அடைக்க வேண்டியவர்கள் பள்ளி நிர்வாகமும் பெற்றோரும்தான்.

உதவ வருபவரிடம் சான்றிதழ் கேட்பது அவமரியாதை ஆகாதா என்று கேட்பார்கள். மும்பையில் தெருவோரப் பிள்ளைகளுக்குச் சோறும் படுக்கையும் தந்த ஆங்கரேஜ் காப்பகத்தின் கதை அதற்குப் பதில். அதைத் தொடங்கிய பிரிட்டிஷ்காரர் மீதும் இன்னொரு பிரிட்டிஷ்காரர் மீதும் 2001இல் பாலியல் கொடுமைப் புகார் வெளிவந்தது. 2006இல் தண்டனை, 2008இல் உயர் நீதிமன்றத்தில் விடுதலை, 2011இல்தான் உச்ச நீதிமன்றம் தண்டனையை மீண்டும் நிலைநாட்டியது. பத்தாண்டு! அதற்குள் பிள்ளைகள் வளர்ந்தே விட்டார்கள். வெளிநாட்டவர் என்றாலே சந்தேகப்படுங்கள் என்று இதற்குப் பொருளில்லை. 2007இல் மத்திய அரசு வெளியிட்ட ஆய்வில், பாலியல் கொடுமை செய்தவர்களில் பாதிப்பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள் அல்லது பொறுப்பில் இருந்தவர்கள். ஆகவே உள்ளூர் பி.டி. வாத்தியாருக்கும் இதே விதிதான். நல்ல எண்ணத்தோடு வரும் மாணவருக்கு இது பழகிய நடைமுறை: பிரிட்டனில் சர்வதேசக் குழந்தைப் பாதுகாப்புச் சான்றிதழ் தருகிறார்கள், ஆஸ்திரேலியாவில் குழந்தைகளோடு பணியாற்றவே தனிச் சரிபார்ப்பு உண்டு. கேட்டால் கொண்டுவருவார், முகம் சுளிப்பவர் வேண்டாம்.

சான்றிதழில் பழைய குற்றம்தான் தெரியும். அதனால் பயிற்சி நேரத்தில் உள்ளூர்ப் பெரியவர் ஒருவரும் உடனிருக்க வேண்டும். பிள்ளையைத் தனியே அறைக்கு அழைப்பதோ, தனியாக வாட்ஸ்அப்பில் பேசுவதோ கூடாது. நன்கொடை திரட்டப் பிள்ளைகளின் படத்தைப் போடுவதானால் பெற்றோரிடம் முன்பே கேட்க வேண்டும். தவறு நடந்ததாகத் தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098ஐ அழைக்கலாம், காவல் நிலையத்திலும் சொல்லலாம். தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே போக்சோ சட்டப்படி குற்றம். நிறுவனத் தலைவர் மறைத்தால் ஓராண்டு வரை சிறை. நல்லெண்ணத்தோடு புகார் சொன்னவர் மீது வழக்குப் போட முடியாது. ஸ்டேஷன் படியேற வேண்டுமே என்று தயங்கும் குடும்பங்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்: குழந்தையின் வாக்குமூலத்தை வீட்டிலோ குழந்தை விரும்பும் இடத்திலோ, சீருடை அணியாமல் வந்துதான் போலீசார் பதிவுசெய்ய வேண்டும். கூடியவரை பெண் அதிகாரியே வர வேண்டும். இரவில் குழந்தையை ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது.

இத்தனை நிபந்தனை போட்டால் யாரும் வரமாட்டார்கள், நஷ்டம் நம் பிள்ளைகளுக்குத்தானே என்பது மிஞ்சும் கேள்வி. வெளியாரை நம்பித்தான் இருக்க வேண்டும் என்பதில்லை: வடசென்னை வியாசர்பாடியில் குடிசைப் பகுதிப் பிள்ளைகளைக் கால்பந்து வீரர்களாக்கியவர்கள் அந்தப் பகுதி இளைஞர்கள்தான். அங்கே ஆடக் கற்றவர்கள் பிறகு அடுத்த பிள்ளைகளுக்குப் பயிற்சி தந்தார்கள். வெளிநாட்டு மாணவர் வரட்டும். வரும்போதே ஒரு நிபந்தனையையும் சேர்த்துச் சொல்வோம்: அவர் ஊர் திரும்புமுன் உள்ளூர் இளைஞர் இருவருக்காவது பயிற்சி தரும் முறையைக் கற்றுத்தர வேண்டும்.