பிள்ளையின் சொல்லும் பெற்றோரின் செவியும்

பழவேற்காட்டு ஏரியின் முகத்துவாரம் மணலால் தூர்ந்துபோனால் என்ன நேரும் என்பதைக் கரையோரக் குப்பங்களின் சிறுபிள்ளையும் அறியும். கடல்நீர் உட்புக வழியின்றி, இறாலும் மீனும் அருகி, வீடுகளில் உலை ஏறுவதே சிரமமாகிவிடும். மீஞ்சூர் முதல் பழவேற்காடு வரையுள்ள இல்லங்களிலும், ‘நான் மற்றப் பையன்களைப் போல் இல்லையம்மா’ என்றோ, ‘எனக்குக் கல்யாணத்தில் மனமில்லை, ஒரு பெண்ணிடந்தான் பிரியம்’ என்றோ சொல்ல வந்த பிள்ளை, பெற்றோரின் முகத்தைப் பார்த்து மௌனமாகிவிடும்போது, அப்படியொரு வழி ஓசையின்றி அடைபட்டுவிடுகிறது.

நோயன்று, சுபாவம்

தன்பாலீர்ப்பை உலகச் சுகாதார நிறுவனம் 1990ஆம் ஆண்டிலேயே நோய்ப்பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. பிறப்பில் குறிக்கப்பட்ட பாலுக்கு மாறாக ஒருவர் தம்மை உணர்வதையும் 2019இல் மனோவியாதிகளின் வரிசையிலிருந்து எடுத்துவிட்டது. ஆகவே வளர்ப்பின் பிழையென்றும், கிரகதோஷமென்றும், கெட்ட சகவாசமென்றும் எண்ணித் தாயும் தந்தையும் தம்மைத்தாமே நொந்துகொள்வதற்கு ஆதாரமில்லை.

அதே சமயம், அக்காளின் தாவணியை ஒருநாள் சுற்றிக்கொண்ட சிறுவனுக்கெல்லாம் அவசரப்பட்டுப் பெயர் சூட்டவும் வேண்டியதில்லை. சிலருக்குத் தம் இயல்பு பால்யத்திலேயே தெளிவாகும். சிலருக்கு வருஷங்கள் செல்லும். சிலருக்குத் தாவணி சுற்றியது வெறும் விளையாட்டாகவே கழிந்துபோகும். பிள்ளையின் ஆரோக்கியத்தைக் குலைப்பவை பரிகாசமும் அடியும் தனிமையுமேயன்றி, அதன் சுபாவமன்று.

நியாயஸ்தலம் காட்டிய வழி

ஒருவரையொருவர் நேசித்த இரு பெண்கள் பெற்றோரின் எதிர்ப்புக்கு அஞ்சி மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து அடைக்கலம் தேட, மகள்களைக் காணவில்லையென்று இரு குடும்பத்தாரும் போலீசில் புகார் செய்ய, வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்தை அடைந்தது. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அப்பெற்றோரைக் கடிந்து ஒதுக்காமல், மகள்களுக்கும் பெற்றோருக்கும் மனநல ஆலோசனை கிடைக்கச் செய்தார். இவ்விஷயத்தில் தமக்கும் போதிய ஞானமில்லையென்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, தாமும் ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து கேட்டறிந்தார். பின்னர் 2021 ஜூன் 7ஆம் நாள் பிறப்பித்த உத்தரவில், இத்தகையோரை ‘மாற்றிவிடுகிறேன்’ என்னும் சிகிச்சை முயற்சிகளுக்குத் தடை விதித்தார். தேசிய மருத்துவ ஆணையமும் 2022இல் அத்தகைய சிகிச்சையைத் தொழில் ஒழுக்கக்கேடு என்று அறிவித்தது. நீதிபதியே மாணாக்கராக அமர்ந்தாரென்றால், நாம் அறியாததை அறிய முற்படுவதில் பெற்றோராகிய நமக்கு என்ன இழிவு?

வீட்டில் செய்யத்தக்கவை

எதிரே நிறுத்தி விசாரித்தால் பிள்ளை பேசாது. கிழிந்த வலையைப் பின்னிக்கொண்டிருக்கும் தந்தையின் பக்கத்தில் அது தானே வந்து உட்காரட்டும். அது தயங்கித் தயங்கிச் சொல்லும்போது ஊசி தன்பாட்டுக்கு ஓடட்டும், கண் வலையிலும் காது பிள்ளையிடமுமாக இருக்கட்டும். உடனே பதில் தோன்றாவிட்டால், ‘எனக்கு இது புதிதப்பா, கொஞ்சம் யோசிக்கிறேன், ஆனால் நீ சாப்பிட்டுவிட்டுத் தூங்கு’ என்றால் போதும். உறவினரிடமும் ஊராரிடமும் சொல்வது பிள்ளையின் சம்மதத்தோடு மட்டுமே நிகழ வேண்டும். பூசாரியிடம் இழுத்துச் செல்வதும், அவசரக் கல்யாணம் முடிப்பதும், படிப்பை நிறுத்துவதும் கூடவே கூடாது. அக்கல்யாணத்தால் இன்னொரு வீட்டுப் பிள்ளையின் வாழ்வும் பாழாகும்.

உதவி எங்கே?

உறக்கமும் உணவும் குறைந்து, பள்ளிக்குப் போக மறுத்து, சாவைப்பற்றிப் பிள்ளை பேசத் தொடங்கினால், ஒரு நாளும் தாமதிக்கலாகாது. தனியே விடவும் கூடாது. மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ மனநல உதவி எண் 14416இல் தமிழிலேயே பேசலாம். குழந்தைகளுக்கு 1098 என்னும் உதவி எண் இருக்கிறது. மீஞ்சூரில் ரயிலேறினால் சென்னை சென்ட்ரலுக்கு எதிரிலேயே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. அங்கே மனநல மருத்துவரைக் காணலாம். கலங்கி நிற்கும் பெற்றோரும் தமக்கென்று ஆலோசனை பெறுவதே நன்று.

பிள்ளையைத் தனியாக அனுப்பாதீர்கள். வேலைக்கு ஒருநாள் போகாவிட்டாலும் குற்றமில்லை. அந்த ரயிலில் அதன் பக்கத்து இருக்கையில் நீங்களே உட்கார்ந்து செல்லுங்கள்.