பயிற்சி ஆசானும் கணிப்பொறியும்

நம் சங்க இதழில் வரி, சரக்கு நிலவரம், உரிமம் புதுப்பித்தல் போன்றவற்றைப் பற்றியே பெரும்பாலும் எழுதி வருகிறோம். இம்முறை சற்று விலகி, விளையாட்டுப் பயிற்சியிலும் உடற்பயிற்சியிலும் கணிப்பொறியும் செயற்கை நுண்ணறிவும் செய்து வரும் மாற்றத்தைப் பற்றிச் சொல்ல முற்படுகிறோம். இதற்கும் மளிகைக் கடைக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கக்கூடும். சம்பந்தம் இரண்டு வகையில் இருக்கிறது.

முதலாவது, இது நம் கல்லாவிலிருந்து பணம் போகும் விஷயம். காலை முதல் இரவு வரை கல்லாவில் உட்கார்ந்தே இருப்பதால் நம்மில் பலருக்குச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் வந்துவிட்டன. டாக்டர் நடக்கச் சொல்கிறார். வீட்டில் உள்ள பிள்ளைகள் ஒரு கைக்கடிகாரத்தை வாங்கிக் கட்டிவிடுகிறார்கள். பேரப் பிள்ளைகளோ சதுரங்க வகுப்புக்கும் கிரிக்கெட் வகுப்புக்கும் போகிறார்கள். இப்போது செல்போனே பயிற்சி கொடுக்கும், ஆசான் எதற்கு என்ற பேச்சும் கிளம்பியிருக்கிறது.

இரண்டாவது, பயிற்சியாளரும் நம்மைப் போன்ற சிறு தொழில் செய்பவரே. தன் அனுபவத்தை நம்பி, நான்கு வாடிக்கையாளரை வைத்துப் பிழைப்பவர். இயந்திரம் வந்தபின் அவர் பாடு என்ன ஆயிற்று என்று பார்த்தால், நம் பாடு என்ன ஆகும் என்பதற்கும் ஓரளவு விடை கிடைக்கும்.

புதிய சரக்கு சந்தைக்கு வந்தால் பிரித்துப் பார்த்து, கையில் அள்ளிப் பார்த்துத்தானே வாங்குவோம். அப்படியே இதையும் பார்ப்போம்.

உடம்பை அளக்கும் கருவிகள்

தினம் 10,000 அடி நடக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். இந்தக் கணக்கு மருத்துவ ஆராய்ச்சியில் பிறந்தது என்று பலர் எண்ணியிருக்கிறார்கள். உண்மையில் இது ஒரு வியாபாரப் பெயர். 1964-இல் டோக்கியோவில் ஒலிம்பிக் போட்டி நடந்து முடிந்ததும் ஜப்பானில் உடற்பயிற்சி மோகம் பரவியது. 1965-இல் யமாசா என்ற நிறுவனம் இடுப்பில் மாட்டிக்கொள்ளும் அடிக்கணக்குக் கருவி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்து, அதற்கு 'மான்போ-கெய்' என்று பெயரிட்டது. பத்தாயிரம் அடி அளவி என்பது அதன் பொருள். சரக்கு நன்றாக விற்றது. பெயரில் இருந்த எண்ணும் உலகம் முழுவதும் நிலைத்துவிட்டது.

பின்னாளில் ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 2019-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், சராசரி 72 வயதுள்ள பெண்கள் 16,741 பேரின் நடை கணக்கிடப்பட்டது. தினம் சுமார் 2,700 அடி நடந்தவர்களைவிடச் சுமார் 4,400 அடி நடந்தவர்களிடையே மரண விகிதம் 41 சதவீதம் குறைவாக இருந்தது. சுமார் 7,500 அடிக்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. ஆகவே பத்தாயிரம் எட்டவில்லையே என்று மனம் தளர்ந்து நடையையே விட்டுவிடுவதைவிட, கடையைச் சுற்றியாவது நாலாயிரம், ஐந்தாயிரம் அடி நடப்பது மேல்.

அடுத்து இதயத் துடிப்பு. பின்லாந்து நாட்டின் போலார் நிறுவனம் 1982-இல் கம்பியில்லாமல் துடிப்பை அளக்கும் கருவியை விளையாட்டு வீரர்களுக்காகக் கொண்டுவந்தது. மார்பில் ஒரு பட்டை, மணிக்கட்டில் ஒரு கடிகாரம். இன்று மார்புப் பட்டை இல்லாமலே கடிகாரம் மட்டும் போதும் என்றாகிவிட்டது. கடிகாரத்தின் அடியில் பச்சை விளக்கு மினுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஒளி தோலுக்குள் பாய்ந்து திரும்புகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் இரத்தம் கூடிக் குறைவதால் திரும்பும் ஒளியும் கூடிக் குறைகிறது. அதை எண்ணியே துடிப்பைச் சொல்கிறது.

இந்த அளவுகள் எவ்வளவு சரி? தராசு வைத்திருக்கும் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். 2017-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் ஏழு வகைக் கருவிகளை 60 பேருக்குக் கட்டிச் சோதித்தார்கள். ஏழில் ஆறு கருவிகள் இதயத் துடிப்பை 5 சதவீதத்துக்குள் சரியாகச் சொல்லின. ஆனால் செலவான கலோரியைச் சொல்வதில் மிகச் சிறந்த கருவியே 27 சதவீதம் பிசகியது. மிக மோசமானது 93 சதவீதம் பிசகியது. நம் தராசில் ஒரு கிலோவுக்குக் கால் கிலோ பிசகினால் தொழிலாளர் துறை அலுவலர் முத்திரை போடுவாரா? ஆகவே கடிகாரம் காட்டும் அடிக்கணக்கையும் துடிப்பையும் ஓரளவு நம்பலாம். இத்தனை கலோரி போயிற்று என்று அது சொல்வதை நம்பி இரண்டு வடை கூடுதலாகச் சாப்பிடக் கூடாது.

கண்ணால் பார்க்கும் இயந்திரம்

கிரிக்கெட்டில் பந்து ஸ்டம்பில் படுமா படாதா என்று கோடு போட்டுக் காட்டும் ஹாக்-ஐ முறையை நாம் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறோம். 2001-இல் லார்ட்ஸ் மைதானத்தில் இங்கிலாந்து, பாகிஸ்தான் டெஸ்ட் போட்டியில் அது முதலில் தொலைக்காட்சிக்குப் பயன்பட்டது. மைதானத்தைச் சுற்றிப் பல கேமராக்கள் வைத்து, பந்தின் பாதையைக் கணிப்பொறி கணக்கிடுகிறது. நடுவர் தீர்ப்புக்கு என்று பேசப்பட்ட இந்தக் கருவி பயிற்சியாளருக்கும் பயன்பட்டது. பந்து வீச்சாளர் ஓவருக்கு எத்தனை பந்தை எந்த இடத்தில் குத்தினார் என்பது படமாகவே கிடைத்துவிடுகிறது.

பெரிய மைதானத்துக்கு மட்டும் என்றிருந்தது இப்போது சட்டைப் பைக்கே வந்துவிட்டது. 2020-இல் கூகுள் நிறுவனத்தார் வெளியிட்ட ஒரு முறையில், சாதாரண செல்போன் கேமராவே மனித உடலில் தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால் என 33 புள்ளிகளைக் குறித்துக்கொண்டு அவற்றின் அசைவைத் தொடர்கிறது. உட்கார்ந்து எழும்போது முழங்கால் எந்தக் கோணத்தில் மடங்குகிறது, பந்து வீசும்போது கை எங்கே வளைகிறது என்று சொல்கிறது. முன்பு பெரிய பயிற்சிக் கூடங்களில் மட்டும் கிடைத்த இந்தக் கணக்கு, இன்று சிற்றூர்ப் பள்ளி மைதானத்துப் பிள்ளைக்கும் கிடைக்கிறது. இதை நன்மை என்றே சொல்ல வேண்டும்.

ஆனால் ஒன்று. இயந்திரம் முழங்கால் மடங்கும் கோணத்தைச் சொல்லும். அந்தப் பையன் ஏன் காலைத் தாங்கித் தாங்கி வைக்கிறான், நேற்று விழுந்து அடிபட்டதை வீட்டில் சொல்லாமல் மறைக்கிறானா என்பதைச் சொல்லாது. அதைப் பக்கத்தில் நிற்கும் ஆசான்தான் கேட்டறிய வேண்டும்.

சதுரங்கம் சொல்லும் பாடம்

இயந்திரம் மனிதனை முழுமையாக வென்றுவிட்ட விளையாட்டு சதுரங்கம். ஆகவே பயிற்சியாளர் கதி என்ன என்பதை அங்கே பார்ப்பதே பொருத்தம்.

1997 மே மாதம் நியூயார்க் நகரில் ஐ.பி.எம். நிறுவனத்தின் டீப் புளூ என்ற கணிப்பொறி, உலக சாம்பியன் காஸ்பரோவை 3½–2½ என்ற புள்ளிக் கணக்கில் வென்றது. அது விநாடிக்கு 20 கோடி நிலைகளை ஆராய வல்லது. அதற்கு ஆட்ட நுணுக்கங்களை மனிதர்களே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். 2017 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட ஆல்ஃபாஜீரோ வேறு வகை. அதற்குக் காய் நகர்த்தும் விதிகளை மட்டுமே சொன்னார்கள். அது தன்னோடு தானே ஆடி ஆடிக் கற்றுக்கொண்டு, நான்கு மணி நேரத்தில் ஸ்டாக்ஃபிஷ் என்ற வலிமை மிக்க நிரலை மிஞ்சியது. 100 ஆட்டங்களில் 28 வெற்றி, 72 சமன், தோல்வியே இல்லை. அந்த ஸ்டாக்ஃபிஷ் அதன்பின் இன்னும் வலிமை பெற்று, இன்று யார் வேண்டுமானாலும் இலவசமாகச் செல்போனில் போட்டுக்கொள்ளும்படி கிடைக்கிறது. உலக சாம்பியனைவிடப் பலசாலியான ஆட்டக்காரன் காசில்லாமல் கிடைத்தபின் சதுரங்க ஆசானுக்கு வேலை இருக்குமா?

இருக்கிறது. சென்னையே அதற்குச் சாட்சி. சென்னைப் பிள்ளை குகேஷ், 2019 ஜனவரியில் 12 வயது 7 மாதத்தில் கிராண்ட்மாஸ்டர் ஆனார். அவருக்குப் பயிற்சி கொடுத்த விஷ்ணு பிரசன்னா, ஏறத்தாழ 2,500 தரப்புள்ளி அளவை எட்டும் வரை அவரைக் கணிப்பொறி நிரல்களின் பக்கமே போகவிடவில்லை. நிலையைத் தானே பார்த்து, தானே யோசித்து முடிவெடுக்கப் பழக்கினார். கணிப்பொறியின் துணை பின்னரே சேர்ந்தது.

நம் தொழிலில் இது புதிதல்ல. கடைக்குப் புதிதாக வரும் பையனை முதலில் மனக்கணக்குப் போடவைத்து, கை எடை பழக்கி, அதன்பின்தான் கால்குலேட்டரைக் கையில் கொடுத்தார்கள் பெரியவர்கள். மின்சாரம் போன நேரத்திலும் கூட்டம் நிற்கும்போதும் அந்தப் பழக்கமே கை கொடுத்தது.

குகேஷுக்கும் அப்படி ஒரு நேரம் வந்தது. 2024 டிசம்பர் 12-ஆம் தேதி சிங்கப்பூரில் உலக சாம்பியன் போட்டியின் கடைசியான 14-ஆவது ஆட்டம். இருவரும் சம புள்ளியில் இருந்தார்கள். ஆட்டம் சமனாகும் என்றே எல்லோரும் எண்ணிய வேளையில், சீன வீரர் டிங் லிரென் 55-ஆவது நகர்த்தலில் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். வெளியே பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அந்தத் தவற்றைக் கணிப்பொறி உடனே காட்டிவிட்டது. ஆனால் பலகைக்கு முன் உட்கார்ந்திருந்த 18 வயதுப் பிள்ளைக்குச் சொல்ல எந்த இயந்திரமும் இல்லை. ஆட்ட அறையில் அதற்கு அனுமதியும் இல்லை. அவர் தாமே கண்டுகொண்டார். 7½–6½ என்ற கணக்கில் உலக சாம்பியன் ஆனார். அந்தப் போட்டிக்கு அவருடைய மனத் தயாரிப்புக்கு உதவியவர் பேடி அப்டன். 2011-இல் உலகக் கோப்பை வென்ற நம் கிரிக்கெட் அணியுடனும் இருந்தவர் அவர். இயந்திரம் இவ்வளவு வளர்ந்த காலத்திலும் மனிதத் துணை தேவைப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும்.

நமக்குத் தெரிய வேண்டியது

ஒரு காலத்தில் விருதுநகர் மார்க்கெட் நிலவரம் டிரங்க் கால் மூலம் முதலில் மொத்த வியாபாரிக்குத்தான் தெரியும். சில்லறை வியாபாரி அவர் சொன்ன விலையை நம்பி வாங்கினார். இன்று எல்லோர் செல்போனிலும் நிலவரம் வந்துவிடுகிறது. விலையை முதலில் அறிந்திருப்பதையே முதலாக வைத்திருந்த மொத்த வியாபாரிக்கு அந்த முதல் கரைந்துபோயிற்று. பருப்பைக் கையில் எடுத்துத் தரம் சொல்லத் தெரிந்தவர், எந்தக் கடைக்கு எந்த ரகம் போகும் என்று அறிந்தவர், கஷ்ட காலத்தில் கடன் கொடுத்துத் தாங்கியவர், இவர்கள் நிலைத்தார்கள்.

பயிற்சியாளர் கதையும் அதுவே. ஆட்ட முறைகளை ஒப்பிப்பதும், எல்லோருக்கும் ஒரே பயிற்சி அட்டவணையை எழுதிக் கொடுப்பதும் இனி விலை போகாது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது முதல், அத்தகைய அட்டவணையை இயந்திரமே ஒரு நிமிடத்தில் எழுதித் தருகிறது. ஆளைப் பார்த்துத் தடுப்பதும், தளர்ந்தபோது தூக்கி நிறுத்துவதும், இன்று போதும் என்று சொல்வதும்தான் பயிற்சியாளருக்கு மிஞ்சியிருக்கும் சரக்கு. அதற்கே பெற்றோர் கட்டணம் கொடுக்க வேண்டும்.

இயந்திரப் பயிற்சியைப் பயன்படுத்துவோர் சில விஷயங்களில் கவனமாக இருப்பது நல்லது.

முதலாவது, மருந்து. 220-இலிருந்து வயதைக் கழித்தால் வருவதே ஒருவரின் உச்ச இதயத் துடிப்பு என்ற பொதுக் கணக்கையே பல கருவிகள் வைத்துக்கொள்கின்றன. 60 வயதுக்காரருக்கு 160 என்று வரும். இது சராசரி; ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு மாறும். இரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் கொடுக்கப்படும் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரைகள் துடிப்பைக் குறைத்துவிடும். மாத்திரை சாப்பிடுவது கடிகாரத்துக்குத் தெரியாது. இன்னும் வேகம் கூட்டு என்று அது விரட்டும். அதன் பேச்சைக் கேட்டு ஓடாமல், டாக்டரைக் கேட்டு அளவு வைத்துக்கொள்ள வேண்டும். நடக்கும்போது மார்பு வலியோ மூச்சடைப்போ வந்தால், கடிகாரம் எல்லாம் சரி என்று காட்டினாலும் உடனே நின்று மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இரண்டாவது, சந்தா. முதல் மாதம் இலவசம் என்பார்கள். அடுத்த மாதம் முதல் கணக்கிலிருந்து பணம் தானாகவே போகும். ரிசர்வ் வங்கி விதிப்படி இவ்வாறு பிடிப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும். அந்தச் செய்தியைப் படித்து, வேண்டாதபோது நிறுத்திவிட வேண்டும்.

மூன்றாவது, நம் விவரங்கள். ஸ்ட்ராவா என்ற நிறுவனம் தன் வாடிக்கையாளர்கள் ஓடிய பாதைகளை எல்லாம் சேர்த்து ஓர் உலகப் படமாக வெளியிட்டிருந்தது. ஆப்கானிஸ்தானிலும் சிரியாவிலும் இருந்த இராணுவ முகாம்களின் அமைப்பு அதில் தெரிவது 2018 ஜனவரியில் வெளிச்சத்துக்கு வந்தது; அங்கே ஓடிய வீரர்களின் பாதைகளே காட்டிக் கொடுத்தன. கடை அடைத்துப் பணத்தோடு வீடு திரும்பும் நம் பாதையும் நேரமும் ஊருக்குத் தெரிய வேண்டுமா? இருப்பிடத்தைப் பகிரும் வசதியை மூடி வைக்கவும். நம் நாட்டில் 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், 18 வயதுக்கு உட்பட்டோரின் விவரங்களைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்று சொல்லப்பட்டிருக்கிறது. பிள்ளைகளின் வீடியோவை ஏற்றுமுன் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

கருவியை வாங்க வேண்டாம் என்பது நம் கருத்தல்ல. ஆளைப் போட்டு நடக்க முடியாதவருக்கும், நல்ல ஆசான் இல்லாத ஊரில் இருக்கும் பிள்ளைக்கும் அது பெரிய உதவி. ஆயினும் வாங்கிய கருவி மேசையில் கிடந்தால் ஏட்டுச் சுரைக்காய்தான். கடை திறக்கும் முன் அரை மணி நேரம் நடக்கத் தொடங்குங்கள். பிள்ளையைப் பயிற்சிக்குச் சேர்க்கும்போது, அங்கே என்ன இயந்திரம் இருக்கிறது என்று கேட்பதோடு, ஆசான் ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி அழைத்துக் கவனிக்கிறாரா என்பதையும் ஒரு நாள் மாலை நின்று பார்த்துவிட்டுக் கட்டணம் கட்டுங்கள்.