தாழ்ந்த காரும் தூக்கும் ஜாக்கியும்

ஸ்போர்ட்ஸ் கார் எனப்படும் வண்டி தரையை ஒட்டி ஓடுவதற்கென்றே அமைக்கப்படுவது. எடை தாழ்ந்திருப்பதால்தான் வளைவுகளில் அது சாயாமல் திரும்புகிறது. சாலையில் குணமாக விளங்கும் இத்தாழ்வு, வீட்டு வாசலில் ஒரு சக்கரத்தைக் கழற்ற முற்படும்போது இடையூறாகி விடுகிறது. ஜப்பானின் மாஸ்டா நிறுவனம் 1989-இல் வெளியிட்ட எம்எக்ஸ்-5 என்னும் இருவர் காரை எடுத்துக்கொள்வோம். அதன் அடிப்பகுதிக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி மிகக் குறைவு. பட்டறைகளில் உருட்டிச் செல்லும் டிராலி ஜாக்கிகள் பலவற்றின் தலையே அதைவிட உயரமானது. ஜாக்கி உள்ளே நுழையவே மறுக்கிறது!

இதற்கு எளிய வழி உண்டு. ஓர் அங்குலம் அல்லது ஒன்றரை அங்குலக் கனமுள்ள அகன்ற பலகைகளைச் சக்கரங்களுக்கு முன்னே இட்டு, வண்டியை மெல்ல அவற்றின் மீது ஏற்றி நிறுத்தினால் போதும். ஜாக்கிக்கு வேண்டிய இடம் கிடைத்துவிடும்.

நுழைந்த ஜாக்கி எதைத் தாங்குவது என்பதே அடுத்த வினா. எம்எக்ஸ்-5 போன்ற வண்டிகளில், கதவுக்குக் கீழே இரு தகடுகள் சேர்த்துப் பற்றவைக்கப்பட்டு ஒரு மெல்லிய விளிம்பாகத் தொங்குகின்றன. ஜாக்கியின் இரும்புத் தலைக்கிண்ணத்தை அவ்விளிம்பின் மீது நேராக வைத்துத் தூக்கினால் விளிம்பு மடங்கிவிடும். காரணம் கணக்கிலேயே தெரியும். ஒரு மூலையில் 300 கிலோ ஏறுவதாகக் கொள்வோம். விளிம்பின் முனை கிண்ணத்தைத் தொடும் பரப்பு 2 சதுர சென்டிமீட்டர்தான் என்றால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் 150 கிலோவைத் தாங்க வேண்டும். மேலும், இரும்பின் மீது இரும்பு எளிதில் வழுக்கும்.

இங்கேதான் வீட்டிலேயே செய்துகொள்ளும் இடைக்கட்டை பயன்படுகிறது. அமெரிக்காவில் இதற்கெனப் பலர் தேர்ந்தது பனித்தரை ஹாக்கியில் அடித்து ஆடும் ரப்பர் வட்டு. அதன் குறுக்களவு 3 அங்குலம், கனம் 1 அங்குலம்; வல்கனைஸ் செய்த கெட்டி ரப்பர். அதன் நடுவே ஒரு காடி வெட்டி, விளிம்பு அக்காடிக்குள் இறங்குமாறு வைக்கிறார்கள். காடியின் ஆழம் விளிம்பின் உயரத்தைவிடச் சற்று மிகுந்திருத்தல் வேண்டும். அப்போது விளிம்பு எங்கும் அழுந்தாது. இருபுறமும் உள்ள கெட்டியான அடித்தகடு வட்டின் தோள்களில் அமர்ந்துகொள்ளும். முன்பு 2 சதுர சென்டிமீட்டரில் விழுந்த சுமை இப்போது 35 சதுர சென்டிமீட்டருக்கு மேல் பரவுகிறது.

1997 முதல் 2004 வரை வெளிவந்த அமெரிக்க ஷெவர்லே கார்வெட்டின் நிலை வேறு. அதன் மேற்கூடு உலோகமன்று. இழை கலந்த பிளாஸ்டிக். தூக்குவதற்குரிய இடங்கள் அடிச்சட்டத்தில் நீள்துளைகளாக உள்ளன. அவற்றுக்கு மிக அருகில் பக்கப் பலகை கீழிறங்கி நிற்பதால், ஜாக்கியின் கிண்ணம் அதனை நெரித்துவிடக்கூடும். ஆகவே அதே ரப்பர் வட்டின் நடுவே ஒரு வளையத்தலைப் போல்ட்டைப் பொருத்தி, அத்தலையைத் துளைக்குள் செலுத்திக் கால்வட்டம் திருப்பிவிடுகிறார்கள். வட்டு தானாகவே அங்குத் தொங்கி நிற்கும். கிண்ணமும் பலகையைத் தொடாது. எளிய ஏற்பாடு, நாம் பாராட்டத் தயங்க வேண்டியதில்லை.

நம் நாட்டில் ஹாக்கி என்றால் பந்துதான். லடாக்கு போன்ற குளிர்ப் பகுதிகளில் ஆடுவோரைத் தவிர, இவ்வட்டைக் கண்டவர் சிலரே. டில்லியிலோ பம்பாயிலோ புனாவிலோ வாழும் நம்மவர்க்குக் கெட்டி ரப்பர் கிட்டாவிடில் தேக்குக் கட்டை உதவும். ஆனால் காடியை மரத்தின் நார் ஓடும் திசைக்குக் குறுக்காகவே வெட்ட வேண்டும். நாரோடு வெட்டிய காடியில் இரும்பு விளிம்பு இறங்கினால், விறகு பிளக்கும் ஆப்பின் வேலையை அது செய்துவிடும்.

இதுவரை கூறியது வண்டியின் நலம் பற்றியது. வண்டிக்கு அடியில் செல்லும் மனிதரின் நலம் வேறு. இரண்டையும் ஒன்றாகக் கருதுவதால்தான் உயிர்கள் போகின்றன. இடைக்கட்டை எவ்வளவு நேர்த்தியாக அமைந்தாலும் அது தகட்டைக் காக்குமே தவிர ஆளைக் காக்காது. ஜாக்கி என்பது தூக்குவதற்கான கருவி, தாங்கி நிற்பதற்கானதன்று. அதனுள் அடைபட்ட எண்ணெயின் அழுத்தமே வண்டியை உயர்த்தி வைத்திருக்கிறது. ஒரு சிறு ரப்பர் வளையம் தேய்ந்து எண்ணெய் கசிந்தாலோ, திறப்புத் திருகு சற்றே தளர்ந்தாலோ வண்டி இறங்கிவிடும். எனவே தாங்குவதற்கு, எடையளவு குறிக்கப்பட்ட இரும்பு ஸ்டாண்டுகளையே கடையில் வாங்க வேண்டும். இதில் மட்டும் கைவேலை கூடாது. செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் அறவே ஆகா. சுவரில் பரவலான சுமையைத் தாங்கும் அவை, ஒரு முனையில் சுமை விழுந்தால் முன்னறிவிப்பின்றி நொறுங்கிவிடும். ஸ்டாண்டின் தலையிலும் காடியிட்ட ரப்பர் வைக்கலாம். ஆனால் அது தலையின் பள்ளத்துக்குள் நன்கு அடங்கி அமர வேண்டும். ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு வைத்து உயரம் தேடுதல் ஆபத்து.

ஜாக்கியும் ஸ்டாண்டும் ஒரே இடத்தைக் கேட்பது தாழ்ந்த கார்களின் பழைய சிக்கல். வண்டியின் கைப்புத்தகம் நடுக்குறுக்குச் சட்டத்தைத் தூக்கும் இடமாகக் காட்டியிருந்தால், அங்கே ஜாக்கியை வைத்து, பக்க விளிம்புகளை ஸ்டாண்டுகளுக்கு விட்டுவிடலாம். எண்ணெய்த் தொட்டியின் அடியில் வைத்தல் கூடாது.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வாழ்வோர் தரையையும் நோக்க வேண்டும். கீழ்த்தளத்துக்கு இறங்கும் சரிவு இவ்வேலைக்கு உரிய இடமன்று. மழையில் இளகிய மண்ணும், ஆடும் பதிகற்களும் அவ்வாறே. டிராலி ஜாக்கியின் கை ஒரு வில்வளைவில் உயர்வதால், தூக்கும்போது ஜாக்கி சிறிது உருண்டு நகர்ந்தாக வேண்டும். அதன் சக்கரம் மண்ணில் புதைந்து நின்றால் கிண்ணம் வண்டியை இழுக்கும். அல்லது வழுக்கி வெளியேறும். கைப்பிரேக்கைப் பெரிதும் நம்புதலும் ஆகாது. பெரும்பாலான கார்களில் அது பின்சக்கரங்களையே பிடிக்கிறது. பின்பக்கத்தைத் தூக்கியபின் அதனால் பயனில்லை. தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் தடைக்கட்டை இடுதல் வேண்டும்.

சக்கர நட்டுகளை வண்டி தரையில் இருக்கும்போதே சற்றுத் தளர்த்திக்கொள்ள வேண்டும். தூக்கியபின் அவற்றோடு போராடினால் வண்டி அசையும். ஸ்டாண்டுகளின் மீது வண்டியை இறக்கியதும், அடியில் செல்லுமுன் பக்கவாட்டில் கையால் உறுதியாகத் தள்ளிப் பார்க்க வேண்டும். சரிவதாயின் அப்போதே சரியட்டும். ஜாக்கியையும் அகற்றிவிடாமல் சட்டத்தைத் தொட்டும் தொடாமலும் நிறுத்தி வைக்கலாம். கழற்றிய சக்கரத்தை அடிச்சட்டத்தின் கீழே படுக்க வைத்தால் அதுவும் ஒரு காப்பு. வேலை முடிந்ததும் முதலில் சக்கரத்தை மாட்டி, நட்டுகளைக் கையால் திருகிவிட்டு, ஜாக்கியால் சிறிது உயர்த்தி ஸ்டாண்டை எடுத்து, திறப்புத் திருகை மெதுவாகத் தளர்த்தி இறக்க வேண்டும். டயர் தரையில் நன்கு ஊன்றிய பிறகே, எதிரெதிர் நட்டுகளாக மாற்றி மாற்றி முழுமையாக இறுக்குதல் முறை.