சைக்கிள் டூர்: எந்த எடையைக் குறைக்கலாம், எதைக் குறைக்கக் கூடாது?

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் கேட்ட கேள்வி: "ப்ரோ, சைக்கிள் டூருக்கு கேம்பிங் சாமான் எவ்வளவு லைட்டா இருக்கணும்?" நான் பண்ண ஒரு தப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ரெண்டு வருஷம் முன்னாடி, டிசம்பரில், கொல்லிமலைக்குத் தனியா போனேன். 70 கொண்டை ஊசி வளைவு. இன்ஜினியர் புத்தி சும்மா இருக்குமா? எல்லாத்தையும் கிச்சன் தராசில் எடை போட்டு எக்ஸெல் ஷீட்டில் ஏத்தினேன். 400 கிராம் ஃபோம் மேட் கண்ணை உறுத்துச்சு. "ஸ்லீப்பிங் பேக் இருக்கே, இது எதுக்கு?"ன்னு வீட்டிலேயே வெச்சுட்டுப் போயிட்டேன்.

அன்னைக்கு ராத்திரி, அனுமதி வாங்கி ஒரு தோட்டத்தில் டென்ட் போட்டுப் படுத்தேன். மேலே கதகதப்பு, முதுகு மட்டும் ஜில்லுனு. ஸ்லீப்பிங் பேக் குளிரைத் தடுப்பது அதுக்குள்ள அடைபட்டிருக்கிற காற்றாலதான். நாம படுத்ததும் கீழ்ப்பக்கம் நசுங்கி, அந்தக் காற்று போயிடும். அப்புறம் உடம்புச் சூட்டைத் தரை உறிஞ்சிக்கும். பொட்டுத் தூக்கம் இல்லை. காலையில் அதே வளைவுகளில் இறங்கும்போது கண் சொருகி, பிரேக் பிடிக்க லேட் ஆயிடுச்சு. எதிரே பஸ். மயிரிழையில் தப்பிச்சேன்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். 1000 மீட்டர் உயரம், நிதானமா 100 வாட்டில் மிதிக்கிறோம்னு வெச்சுக்கோங்க. கூடுதலா ஒவ்வொரு கிலோவுக்கும் ஆகிற நேரம் சுமார் 100 விநாடி. அப்போ 400 கிராமுக்கு? வெறும் 40 விநாடி!

அதனால என் ரூல் இதுதான்: தூக்கத்தைக் கெடுக்கிற எதையும் குறைக்காதீங்க. மேட் கட்டாயம். டென்ட் 2 கிலோவுக்குள்ள, ரெண்டு லேயரா இருக்கட்டும். ஒத்தை லேயர் எடை கம்மிதான். ஆனா நம்ம மூச்சில் இருக்கிற ஈரம் உள்பக்கம் துளியா படிஞ்சு, ஸ்லீப்பிங் பேக்கை நனைச்சிடும்.

வேற எதைக் குறைக்கலாம்? ஸ்டவ், கேஸ், பாத்திரம் சேர்ந்தாலே கிட்டத்தட்ட ஒரு கிலோ. நம்ம ஊர் ரோட்டில் டீக்கடைக்கா பஞ்சம்? டிரெஸ், ஓட்ட ஒரு செட், தூங்க ஒரு செட் போதும். ஒரு லிட்டர் தண்ணி ஒரு கிலோ. கடைகள் இருக்கிற ரூட்டில் கொஞ்சமா எடுத்துக்கோங்க, மலையேறும் முன்னாடி மட்டும் முழுசா நிரப்பிடுங்க.

பேக் பண்ணும்போது ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்துக் கேளுங்க: "இது இல்லேன்னா வசதி குறையுமா, தூக்கம் கெடுமா?" வசதின்னா வீட்டிலேயே இருக்கட்டும். தூக்கம்னா, பையில் வைங்க.