பிள்ளைகள் இல்லாத சனிக்கிழமைகள்

ஆந்திரத்தில் மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் இருக்கிறது ரிஷி வேலி. அதைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் 1980-களின் பிற்பகுதியில் பத்மநாப ராவ், ரமா இருவரும் சிறு பள்ளிகளைத் தொடங்கினார்கள். ஓர் அறை, ஓர் ஆசிரியர், வெவ்வேறு வயதில் பிள்ளைகள். எல்லாருக்கும் ஒரே பாடத்தை ஒரே நேரத்தில் நடத்த வழியே இல்லை. அதனால் பாடத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாக்கி அட்டைகளில் எழுதினார்கள். அட்டைகளை வரிசைப்படுத்தி ஓர் ஏணிப்படியாக்கினார்கள். பிள்ளை தன் வேகத்தில் ஏறும். நான்கு நாள் வராமல் போனால், விட்ட படியிலிருந்து மறுபடி ஏறும்.

2003-இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார், மாநகராட்சிப் பள்ளி ஆசிரியர்களை அங்கே அனுப்பினார். அவர்கள் போனது உரை கேட்க அல்ல. பாயில் உட்கார்ந்து பிள்ளைகள் தாமாக வேலை செய்வதைப் பார்த்தார்கள். திரும்பி வந்து தமிழுக்கான அட்டைகளை எழுதினார்கள். 13 பள்ளிகளில் சோதனை தொடங்கியது. செயல்வழிக் கற்றல் என்று பின்னாளில் தமிழ்நாடு முழுக்க அறியப்பட்டது இதுதான்.

அட்டை எழுதுவது என்றால் என்ன என்று கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். முதல் எழுத்து எது? வழக்கம்போல ‘அ’வா, அல்லது பெரும்பாலும் நேர்கோடுகளில் வந்துவிடும் ‘ட’, ‘ப’, ‘ம’வா? ‘படம்’ என்று வாசித்த பிள்ளைக்கு அடுத்து என்ன கொடுப்பது? எந்த இடத்தில் அது தடுக்கி நிற்கும்? நின்றால் யார் உதவுவது, ஆசிரியரா, பக்கத்தில் இருக்கும் இன்னொரு பிள்ளையா? இருபது வருடம் முதல் வகுப்பு எடுத்தவர்கூட இந்தக் கேள்விகளை இப்படி ஒவ்வொன்றாக எதிர்கொண்டிருக்க மாட்டார். பாடநூல் அவருக்காக முன்பே முடிவெடுத்திருக்கும். அட்டை எழுத உட்கார்ந்தவருக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. என் கணக்கில் அந்த ஆசிரியர்களுக்குக் கிடைத்த உண்மையான பயிற்சி அதுதான். சான்றிதழில் வராத பயிற்சி.

வகுப்பறையும் மாறியது. மேசை நாற்காலி ஓரம் போயின. ஆசிரியர் தரைக்கு வந்தார். சுவரின் கீழ்ப்பகுதியில், பிள்ளைக்கு எட்டும் உயரத்தில், ஆளுக்கொரு கரும்பலகைத் துண்டு. தலைக்கு மேலே கம்பிப் பந்தல். அதில் பிள்ளைகள் வரைந்ததும் எழுதியதும் தொங்கும். வருகையைப் பிள்ளைகளே பதிந்துகொண்டார்கள். தட்டுகளைச் சுற்றிக் குழுக்கள்: ஒன்றில் ஆசிரியரின் முழு உதவி, ஒன்றில் பாதி உதவி, ஒன்றில் சக மாணவர் உதவி, இன்னொன்றில் தானே கற்றல்.

மாநகராட்சியில் பலன் தெரிந்ததும் மாநிலத்துக்கு ஆசை வந்தது. 2007-08 கல்வியாண்டில் முதல் நான்கு வகுப்புகளுக்கு, சுமார் 37,000 பள்ளிகளில் இந்த முறை நடைமுறைக்கு வந்தது. அந்த வேகம் வியக்க வைப்பது. சிக்கலும் அந்த வேகத்தில்தான் தொடங்கியது. அட்டைகள் அச்சாகிக் கட்டுக்கட்டாக வந்து இறங்கின. பயிற்சியோ மாநிலத்திலிருந்து மாவட்டம், மாவட்டத்திலிருந்து வட்டார வள மையம், அங்கிருந்து பள்ளி என்று இறங்கியது. மேட்டூரில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு எவ்வளவு போய்ச் சேரும் என்பது டெல்டாக்காரர்களுக்குத் தெரியும். முதன்மைக் கருத்தாளர் பல நாள் இருந்து கற்றதை, கடைசி ஆசிரியர் குறிப்பேட்டில் சில பக்கங்களாகப் பெற்றார்.

ஆக, ஓர் அட்டை ஏன் இந்தப் படியில் இருக்கிறது என்று சென்னையில் எழுதியவருக்குத் தெரியும். கடைக்கோடி ஒன்றியத்தில் அதைப் பெற்றவருக்கு எண் மட்டும் தெரியும். அட்டையை எழுதச் சண்டை போட்டவர் அது பொருந்தாத பிள்ளைக்கு இன்னொன்றைத் தானே செய்வார். பெற்றவர் என்ன செய்வார்? ஒழுங்காகப் பின்பற்றுவார், அல்லது ஆய்வுக்கு அதிகாரி வரும் நாளில் மட்டும் பின்பற்றுவார். “புத்தகம் எங்கே டீச்சர், வீட்டுப்பாடம் எங்கே?” என்று பெற்றோர் கேட்டபோது சொல்வதற்கு அவரிடம் பதில் இல்லை. அந்தப் பதிலை யாரும் அவருக்குள் விளையவிடவில்லை.

செயல்வழிக் கற்றல் தோற்றுவிட்டது என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அரசுப் பள்ளியில் ஆசிரியருக்கும் பிள்ளைக்கும் நடுவே இருந்த தூரத்தை அது குறைத்தது. ஆனால் கண்ணுக்குத் தெரிந்த பாய், தட்டு, பந்தல் எல்லாம் வேகமாகப் பரவின. ஆசிரியர் எடுக்க வேண்டிய முடிவுகள் அந்த வேகத்தில் பரவவில்லை. பிறகு எளிமைப்படுத்தப்பட்ட வடிவம் வந்தது. பெருந்தொற்றுக்குப் பின், 2022 ஜூனில், எண்ணும் எழுத்தும் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிக்கும் இந்தத் திட்டத்தின் எண்ணத்தில் பழைய ஏணிப்படியின் சாயல் இருக்கிறது. பயிற்சி நூல் வந்தது, ஆசிரியர் கையேடு வந்தது, பருவந்தோறும் பயிற்சியும் வந்தது.

பயிற்சி அறைக்குள் போனால் ஒரு வேடிக்கை உண்டு. பிள்ளைகளைச் சும்மா உட்காரவைத்துப் பேசிக்கொண்டே இருக்கக் கூடாது என்பதை, ஆசிரியர்களைச் சும்மா உட்காரவைத்துப் பேசிக்கொண்டே சொல்வார்கள். இடையிடையே ஒரு பாட்டு, ஒரு கைத்தட்டல், திரையில் ஒரு காணொளி, மதியம் சாப்பாடு, மாலையில் பின்னூட்டப் படிவம். கருத்தாளரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்கும் அப்படித்தான் சொல்லித் தரப்பட்டது.

இதற்கு மாற்று உண்டா? ஜப்பானியத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் புழங்கும் வழக்கம் ஒன்று இருக்கிறது. ஜுக்யோ கென்க்யூ என்பார்கள். ஒரு பள்ளியின் ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே ஒரு பாடவேளையைத் திட்டமிடுகிறார்கள். அதற்கு வாரக்கணக்கில் ஆகும். கழித்தலை அறிமுகம் செய்ய 13-லிருந்து 9-ஐ எடுக்கச் சொல்வதா, 12-லிருந்து 7-ஐ எடுக்கச் சொல்வதா என்பது போன்ற விஷயத்துக்கு ஒரு மாலை முழுதும் வாதம் நடக்கும். சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் 13-ல் பெரும்பாலான பிள்ளைகள் பத்திலிருந்து ஒன்பதை எடுத்துவிட்டு, மிஞ்சும் ஒன்றோடு மூன்றைக் கூட்டிவிடும். 12-ல் சிலர் அப்படிச் செய்வார்கள். சிலர் முதலில் இரண்டை எடுத்துப் பத்துக்கு வந்து, பிறகு ஐந்தை எடுப்பார்கள். வகுப்பில் இரண்டு வழிகளும் எழுந்தால்தான் பேச விஷயம் கிடைக்கும். பிறகு ஒருவர் பாடம் நடத்துவார். மற்றவர்கள் சுவரோரம் நின்று பார்ப்பார்கள். அவர்கள் கண் பெரும்பாலும் ஆசிரியர் மேல் இருக்காது; எந்தப் பிள்ளை எந்த இடத்தில் பென்சிலைக் கீழே வைத்தது என்று குறித்துக்கொள்வார்கள். மாலையில் கூடி அலசுவார்கள். தேவைப்பட்டால் திருத்தி, வேறொரு வகுப்பில் மறுபடி நடத்துவார்கள்.

1995-இல் ஜெர்மனி, ஜப்பான், அமெரிக்கா ஆகிய மூன்று நாடுகளின் 231 எட்டாம் வகுப்புக் கணித வகுப்புகளைப் படம்பிடித்து ஒப்பிட்ட ஆய்வுக்குப் பிறகுதான் வெளியுலகம் இதைத் திரும்பிப் பார்த்தது. ஜப்பான் ஆசிரியர்களின் சொர்க்கம் என்று நினைத்துவிட வேண்டாம். 2018-இல் பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு (OECD) நடத்திய ஆய்வில், அங்கே நடுநிலைப் பள்ளி ஆசிரியர்கள் வாரத்துக்கு 56 மணி நேரம் உழைப்பதாகச் சொன்னார்கள். கலந்துகொண்ட நாடுகளிலேயே அதுதான் மிக அதிகம்.

நம் பக்கம் அளவுகோல் வேறு. ஆண்டுக்கு ஒவ்வோர் ஆசிரியரும் குறைந்தது 50 மணி நேரம் பணிசார் பயிற்சி பெற வேண்டும் என்கிறது தேசியக் கல்விக் கொள்கை 2020. மணிக்கணக்கு எளிது, இணையத்தில் காணொளியை ஓடவிட்டுவிட்டு அடுக்களையில் வேலை பார்த்தாலும் மணி ஓடும்.

மணியைவிட எனக்கு உறுத்துவது கிழமை. பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டங்கள் பெரும்பாலும் சனிக்கிழமைகளில் நடக்கின்றன. பாடவேளை பாதிக்கக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் சனிக்கிழமை பள்ளியில் பிள்ளைகள் இல்லை. பக்கத்து ஊர்களின் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் ஒரே கூரையின் கீழ்க் கூடும் அரிய நாளில், பார்ப்பதற்கு ஒரு வகுப்பு இல்லை. வாசிக்கத் திணறும் மூன்றாம் வகுப்புச் சிறுமியைப் பற்றிப் பேசுகிறார்கள். அவள் வீட்டில் இருக்கிறாள்.

கூட்டத்தை வேலை நாளில் வைத்தால் ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் கிளம்பியதும் ஐந்து வகுப்பும் மற்றவர் தலையில் விழும். ஓராசிரியர் பள்ளியென்றால் கதவைச் சாத்த வேண்டியதுதான். இது உண்மையான தடை. உற்சாகப் பேச்சால் தீராது. ஒரு வழி மட்டும் தோன்றுகிறது. வட்டார வள மையங்களில் ஆசிரியர் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். அவர்களும் பட்டதாரி ஆசிரியர்கள்தாம். படிவம் சேகரிப்பதிலும் புள்ளிவிவரம் பதிவேற்றுவதிலும் அவர்கள் காலம் கரைவது துறையில் எல்லாரும் அறிந்தது. மாதத்தில் ஒரு நாள், ஒரு பள்ளியின் வகுப்பைப் பயிற்றுநர் எடுக்கட்டும். அந்த ஆசிரியர் பக்கத்து ஊருக்குப் போய்ச் சுவரோரம் நின்று இன்னொருவரின் பாடத்தைப் பார்க்கட்டும். பார்த்துவிட்டு வந்தவர், தன் வகுப்பில் பயிற்றுநர் என்ன செய்தார் என்று பிள்ளைகளிடம் கேட்கவும் கேட்பார். அந்தப் பதில் அடுத்த பயிற்சிக்கான பாடத்திட்டத்தைத் தயாரிப்பவர்கள் காதுக்குப் போனால் இன்னும் நல்லது.